மூன்று பாடம் பாக்கி

மரக்காணம்
12.1.2025

திரு. கௌதமன் அவர்களுக்கு,

சூர்யகலா எழுதுவது. பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேனே என்று பயந்துவிட வேண்டாம், பழசைக் கிளற வரவில்லை. விலாசம் வானூரில் உங்கள் சித்தப்பா மகன் பாலகுருவிடம் வாங்கினேன்.

நம் மகள் தர்ஷினி இப்போது பத்தாவது படிக்கிறாள். அரையாண்டு லீவில் ஒருநாள் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தேன். மழை ஓய்ந்தபின் சேற்றை மிதித்துத் தரையை இறுக்குகிற வேலை. முதுகுப்பக்கம் உங்கள் குரல். "சரி, இப்போ அடுத்த வரியைப் பாருங்க" என்றீர்கள். திரும்பினால், வரப்பில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் சிக்னல் கிடையாது, உப்பளத்தில் நன்றாக எடுக்கும். "கணக்கு சார்மா. மூஞ்சி காட்ட மாட்டாரு, போர்டும் கையும்தான் தெரியும். ஃப்ரீயா சொல்லித் தர்றாரு" என்றாள். நீங்கள் போகும்போது அவளுக்கு நாலு வயது, குரல் ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். உங்கள் சேனலில் ஐந்து பாடம் போட்டுவிட்டு அக்டோபரோடு நிறுத்திவிட்டீர்கள். முக்கோணவியல், அளவியல், புள்ளியியல் மூன்றும் பாக்கி. தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறாள். மார்ச் கடைசியில் பரீட்சை. வேறு யார் யார் வீடியோவையோ போட்டுப் பார்த்தாள், ஏறவில்லையாம். உங்களிடம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மீதியைப் போட்டு முடியுங்கள்.

போனில் பதில் வேண்டாம். வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அவள் கையில். கீழே உள்ள மேரிசெல்வியின் விலாசத்துக்கு எழுதுங்கள். அவள் என்னோடு பாத்தியில் வேலை செய்கிறவள்.

சூர்யகலா

கோயம்புத்தூர்
20.1.2025

அன்புள்ள கலாவுக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. தர்ஷினி என் பாடத்தைப் பார்க்கிறாள் என்ற இடத்தை நாலைந்து தடவை படித்தேன். சந்தோஷமா வெட்கமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். கட்டணம் கட்டுகிறவர்களுக்குத்தான் இனி பாடம், சொந்தமாக இலவசமாக எதையும் போடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தர்ஷினிக்கு மட்டும் தனியாக எடுத்து அனுப்பலாம். மூன்று பாடம் என்ன, புத்தகம் முழுவதையும் நடத்துகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் யாரென்று அவளிடம் சொல்லி, வாரத்தில் பத்து நிமிஷம் பேச விடு. நீ சரியென்று எழுதிய அன்றைக்கே தொடங்கிவிடுகிறேன்.

நாளெல்லாம் சேற்றில் நிற்கிறாயே, கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
கௌதமன்

மரக்காணம்
29.1.2025

திரு. கௌதமன் அவர்களுக்கு,

கால் நன்றாக இருக்கிறது.

உங்கள் சேனலின் முகப்பில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நினைவிருக்கிறதா? 'எல்லாப் பாடங்களும் எல்லா மாணவர்களுக்கும் இலவசம்.' ஊருக்கெல்லாம் இலவசம், எனக்கு மட்டும் விலை சொல்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது.

தனியாக அனுப்புவதும் வேண்டாம். அந்த ஒரு போனைச் சுற்றி ஏழு பிள்ளைகள் உட்காருகிறார்கள். பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து இரண்டு பெண்கள் சைக்கிளில் வருகிறார்கள். "உனக்கு மட்டும் எப்படிடி வருது?" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்?

இன்னொன்றும் சொல்கிறேன். அவள் உங்களை 'எங்க சார்' என்கிறாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்த சார் அப்பாவாகிவிட்டால், அவளுக்கு சாரும் இல்லாமல் போய்விடும். இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

முடியாதென்றால் முடியாதென்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வேறு வழி பார்க்கிறேன்.

சூர்யகலா

கோயம்புத்தூர்
16.2.2025

கலா,

இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு அந்த முகப்பை நானே போய்ப் படித்துப் பார்த்தேன். நீ எழுதியது சரி.

முக்கோணவியல் போன வாரமே போட்டுவிட்டேன். அளவியல் அடுத்த வாரம், புள்ளியியல் மாதக் கடைசிக்குள். எல்லோருக்கும்தான். கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்டார்கள், விலகிக்கொண்டேன். பழைய டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு இருக்கிறது, சமாளித்துவிடலாம். இதை உன் தலையில் கட்டுவதற்காக எழுதவில்லை.

முன்பெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்தால் யாரோ ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு பேசுவேன். இப்போது வரப்பில் நோட்டும் கையுமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அதனால் சில இடங்களில் வாய் குழறுகிறது. அதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை.

கௌதமன்

மரக்காணம்
18.5.2025

திரு. கௌதமன் அவர்களுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கில் எண்பத்தேழு. அரையாண்டில் முப்பத்தெட்டுதான் வாங்கியிருந்தாள். மற்றப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். நன்றி.

எல்லா இடத்தையும் நீங்கள் வெட்டவில்லை. கூம்பின் கனஅளவு நடத்தும்போது வாய் குழறிப் பாதி வரியில் நின்றுவிடுகிறீர்கள். "சாருக்கு ஒடம்பு சரியில்ல போலக்குது" என்று ஏழு பிள்ளைகளும் கவலைப்பட்டார்கள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது, உப்பு வாரிக்கொண்டிருக்கிறோம்.

ரிசல்ட் வந்த மறுநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்காமல் இருந்ததால் சொன்னேன். கேட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. போனை எடுத்து உங்கள் முதல் பாடத்தைப் போட்டாள். நோட்டு எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "எவ்ளோ பொறுமையா சொல்லித் தர்றாரு" என்றாள். போனை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "நம்மகிட்ட மட்டும் ஏம்மா இல்ல?" என்றாள்.

பாலகுரு கொடுத்த உங்கள் நம்பரை அவளிடமே கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் கூப்பிடுவாள். அதைத்தான் கேட்பாள்.

போனை எடுங்கள்.

சூர்யகலா