இறக்கியது நான்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

என் விமானப் பயிற்சியாளருக்கு போன் செய்து, "எம் பொண்ணைக் காப்பாத்திட்டீங்க சார்" என்று அழுதீர்களாம். அம்மா சொன்னாள். அவரும், "என் கடமைங்க" என்றாராம்.

நடந்தது வேறு. என்ஜின் நின்றால் இறங்குவது எப்படி என்று பழகத்தான் திருமயத்துக்கு மேலே என்ஜின் வேகத்தைக் குறைத்தோம். மறுபடி கூட்டியபோது என்ஜின் நிஜமாகவே நின்றுவிட்டது. "எங்கிட்டும்மா இறக்குறது?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். நான் புரொப்பெல்லர் இதழ்களின் கோணத்தை மாற்றிக் காற்றின் இழுவையைக் குறைத்தேன். விமானம் கூடுதல் தூரம் மிதந்தது. வற்றிய கண்மாயில் இறக்கினேன்.

என்னிடம் நீங்கள் கேட்டது, "இனியாச்சும் வீட்டுக்கு வாரியா?" மட்டும்தான். பயந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

வர மாட்டேன். திங்கட்கிழமை தனியாகப் பறக்கிறேன். பார்க்க வந்தால், நான் இறங்கியதும் முதலில் என்னிடம் பேசுங்கள்.

உங்கள் மகள்