மழையிலும் தண்ணீர் ஊற்றியவன்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நகக்கண்ணெல்லாம் மண்ணோடு சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி, மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தாய். தனியா விழுந்து கிடந்தா யாருக்குப்பா தெரியும் என்று நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. பதிலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் குப்பை கொட்டிய இடத்தில் நம் தெருக்காரர்கள் தோட்டம் போட்டிருக்கிறார்கள் இல்லையா, அதில் நானும் சேர்ந்துவிட்டேன். மனுவும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. ஞாயிறு காலை போய், எனக்கு ஒண்ணும் தெரியாது, ஏதாவது வேலை குடுங்க என்று நின்றேன், தோட்டத்தை ஒட்டிய வீட்டு நர்ஸம்மா மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் முறை என்று பலகையில் எழுதினார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு எழுதிவைத்த நேரம் என்றால் நேரம்தான். அதனால் முதல் வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் பூவாளி என்று தக்காளிப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ஜன்னலிலிருந்து பார்த்துத் தொலைத்தார், என் மானம் கப்பலேறியது. இப்போது எல்லோருக்கும் நான் மேகம், டிரைவர் என்று கூப்பிட ஆளில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன செவ்வாய் விடியற்காலை குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. நான் உள்ளே, போன் வெளியே. தட்டினேன், கத்தினேன், கடைசியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், பயந்துதான் போனேன், நீ கேட்ட கேள்விதான் காதில் ஓடியது. ஆறேகாலுக்கு வாசல் கதவு திறக்கிற சத்தம். அவசரத்துக்கென்று நீ அவரிடம் கொடுத்துவிட்டுப் போன வீட்டுச் சாவியோடு நர்ஸம்மா, பின்னாலேயே தோட்டத்துக்கு வரும் தச்சர். மழையிலயே வந்து தண்ணி ஊத்துன மனுஷன் இன்னிக்கு வரலைன்னா என்னவோ ஆயிருக்கு என்று அவரைக் கையோடு கூட்டி வந்தாராம். தச்சர் கதவை நெம்பித் தாழ்ப்பாளைக் கழற்றினார், நான் துண்டோடு வெளியே வந்தேன், அதற்கும் ஒரு மூச்சு சிரித்தார்கள். அன்று தண்ணீர் ஊற்ற ஏழு மணி ஆகிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே நான் வரவில்லை பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. லீவுக்கு ஒரு மாதம் வந்து இருக்கிறேன், என் முறையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு. ஆனால் அந்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது, நீயும் அங்கே தனியாகத்தானே இருக்கிறாய். ஆபீஸ் போகிற வழியில் ஒரு தோட்டம் இருக்கிறது, வேலி வழியாகப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாய். வேலியோடு நிற்காதே. வாசலில் நாளும் நேரமும் எழுதியிருப்பார்கள், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போ, உன் பெயரில் ஒரு முறை எழுதச் சொல். ஒரு நாள் நீ போகாவிட்டால் உன் கதவைத் தட்ட நாலு பேர் வேண்டும்.

நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளுக்கு இன்றைக்கே எண்ணெய் விடு.

உன் அப்பா
(செவ்வாய், வெள்ளி, காலை ஆறு மணி)