அண்ணாவுக்கு விட்ட பக்கம்

வின்டர்தூர்,
ஞாயிறு மாலை

மடு மாதா துணை

அன்பின் அருட்செல்வன் அண்ணாவுக்குத் தங்கச்சி றோசலின் எழுதுவது,

நாங்கள் சுகம். மன்னாரில் உங்கள் எல்லோரையும் மாதா நல்லபடி வைத்திருக்கட்டும். உங்கள் மகள் யூஜினியின் கலியாணக் காட் கிடைத்தது. பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. உறையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் மகள் லாராவின் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறிஜ் கதவில் ஒட்டிவைத்தார்.

அம்மாவின் செத்தவீட்டில் நீங்களும் அவரும் பிடித்த சண்டையை என்னவென்று சொல்ல? போர் முடிந்த நாட்டுக்கு முதலில் வேலையும் றோட்டும் வேண்டும், அதிகாரத்தைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள் நீங்கள். மாகாணத்துக்கு அதிகாரம் தராமல் போடுகிற றோட்டால் காணி பிடிக்கத்தான் வருவார்கள் என்றார் அவர். பெரிய மந்திரிமார்! அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது இங்குள்ள எங்கள் ஆட்கள் இந்த இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டுக் கோவில் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறார்கள். அதற்கு ஒரு சிறுபுத்தகம் போடுவது அவர் பொறுப்பு. வலப்பக்கம் தன் திட்டம், இடப்பக்கம் உங்களுடையது. அதையும் தானே எழுதினார். வாசித்தால் உங்களைச் சீமெந்து முதலாளி என்றுதான் நினைப்பார்கள். எனக்குச் சரியான கோபம்.

போன கிழமை இந்த நாட்டு வாக்கெடுப்புப் புத்தகம் தபாலில் வந்தது. அரசாங்கமே அச்சடித்து அனுப்புவது. அதில் அரசாங்கத்தின் சட்டம் கூடாது என்பவர்களுக்கும் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை ஆர் எழுதுவது என்று அவர் லாராவிடம் கேட்டார். எதிர்க்கிற அவையள்தான் அப்பா, வேற ஆர் எழுதுறது என்றாள் அவள். அவள்தான் சொன்னாள், இங்கேயும் ஒரு காலம் உள்நாட்டுப் போர் நடந்ததாம். வென்றவர்கள், தோற்ற சின்ன ஊரி மாநிலத்துக்கும் பெரிய சூரிச்சுக்குச் சமமாக மேற்சபையில் இரண்டு இடம் கொடுத்தார்களாம். இத்தனை வருடமும் நாங்கள் வாசிக்காமல் பழைய பேப்பரோடு கட்டிப் போட்ட வாக்கெடுப்புப் புத்தகம், அண்ணா! அவரோ தேத்தண்ணி ஆறியதுகூடத் தெரியாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, உங்கள் பக்கத்துக்கு அவரே எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டார். நீங்கள் எழுதாமல் புத்தகம் அச்சுக்குப் போகாதாம். உங்களிடம் கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

உங்கள் திட்டத்தை நீங்களே இரண்டு பக்கத்தில் எழுதுங்கள், அண்ணா. அவரைத் திட்டினாலும் ஒரு சொல்லும் வெட்டாமல் போடுவார். யூஜினியையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். உறையில் இந்த முறை என் பெயர் வேண்டாம், உங்கள் மச்சானின் பெயரை எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி,
றோசலின்