அம்மாவின் முட்டியும் முப்பத்தாறு படியும்

மூலக்குளம், புதுச்சேரி
ஐப்பசி 2, சனிக்கிழமை

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், மாடியில் உன் அண்ணன் நெடுமாறனும் அண்ணி தீபலட்சுமியும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே லியோனில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் ஏழு மாதக் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு பத்து வார்த்தை பேசிவிடுகிறாள், மூன்று நாளாக அந்தப் பத்தும் கறிவேப்பிலைச் செடி, பக்கத்து வீட்டுப் பூனை என்றே போகிறது, நீ கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை என்பதை நீயே கவனித்திருப்பாய். நீ கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவின் முட்டி சரியாகிவிட்டதா, மார்கழியில் உன் தலைப்பிரசவத்துக்கு வருவாளா, லிஃப்ட் இல்லாத உன் நாலாவது மாடியை ஏறி இறங்குவாளா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் முதலிலிருந்துதான் சொல்வேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நீ ஏற்பாடு செய்த ஏழு நாள் வைத்தியத்துக்குப் போனோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரனுக்கு மொழிபெயர்த்தே பணக்காரனான ஒரு துபாஷ் அந்தக் காலத்தில் கட்டிய அரண்மனைதான். மில்லுக்கு சைக்கிளில் போன காலத்தில் இருபது வருஷம் அந்த மதிலை ஒட்டித்தான் போனேன், உள்ளே வௌவால் மட்டும்தான் குடியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது யாரோ வாங்கி, சுண்ணாம்பு பூசி, தூணுக்கெல்லாம் எண்ணெய் தடவி, மனிதனுக்கும் எண்ணெய் தடவும் இடமாக மாற்றிவிட்டார்கள். வாசலில் ஒருவர் எனக்கு சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன். அவர் மறுபடி அடித்தார், நானும் விடவில்லை. "அது அவரு வேலைங்க, நீங்க வேற மல்லுக்கு நிக்காம உள்ள வாங்க" என்று உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவுக்கு மட்டும் வைத்தியம் என்று இருந்திருந்தால் நான் பாட்டுக்கு ஒரு மூலையில் பேப்பர் படித்திருப்பேன். நீ பெரிய மனசு பண்ணி எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாய், நன்றாக இரு. சக்கரபாணி என்று ஒருவர், நாற்பது வயசிருக்கும், என்னை ஒரு அறைக்குக் கூட்டிப் போய் ரிப்பன் அகலத்துக்கு ஒரு துணியைக் கையில் கொடுத்தார். தலையில் கட்டவா என்று கேட்டேன். இல்லையாம். அறுபத்து நாலு வயசில், ராஜாங்கம் ஃபிட்டர் என்றால் மில்லில் மேஸ்திரியே எழுந்து நிற்பான், அந்த மனுஷனைக் கோவணத்தோடு மரப்பலகையில் கிடத்தி வடைக்கு மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார்கள் மகளே. மறுநாள் நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றினார்கள், அதில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன், சுகமாகத் தூங்கிவிட்டேன். பக்கத்து அறையில் இருந்த பிரான்ஸ்கார மதாம் ஆபீசுக்குப் போய், வைத்தியம் நடக்கும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்று புகார் கொடுத்தாளாம். ஜெனரேட்டர் எது என்று உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டீ கிடையாது என்றார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் கஞ்சி, மதியம் பாசிப்பயறு, ராத்திரி மறுபடி கஞ்சி, நடுவில் சீரகத் தண்ணீர். ஒரு ஷிஃப்டுக்கு ஆறு டீ குடித்து வளர்ந்த உடம்பு இது. மூன்றாம் நாள் காலை தலைவலி தாங்காமல் மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன், பின்கட்டுச் சமையல்கூடத்தில் வேலைக்காரர்களுக்கு மட்டும் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே தலைமை ராஜாம்பாள், வில்லியனூர்க்காரி, கையில் கரண்டியை வைத்துக்கொண்டே ஊரை மிரட்டுகிற ஆள். என்னைக் கண்டதும், "இன்னாண்ணே, பத்தியத்துல இருக்கற ஆளுக்கு இங்க இன்னா வேல" என்றாள். நான் வெட்கத்தை விட்டு அரை டம்ளர் கேட்டேன். எதற்கு வந்திருக்கிறோம் என்று விசாரித்தாள், உன் பிரசவத்தைச் சொன்னேன். உடனே ஒரு பேரம் பேசினாள் பார். "தலப்பிரசவமா? அப்ப அண்ணி எடுத்துக்கினு போறதுக்கு நான் லேகியம் கிண்டித் தரேன். ஆனா உரல்ல இடிக்க எனக்குக் கை வராது, நீ இடி. இடிக்கிற அன்னிக்கு ஒரு டீ."

வேறு வழி? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடித்தேன். இடித்ததைச் சலிக்கவில்லை என்று திட்டு வாங்கினேன், சலித்தேன். மறுநாள் கருப்பட்டிப் பாகு. பாகு பதம் தவறி கல்லாகி, உளி கொண்டுவா என்று கேலி பேசினாள். நம்மிடம் நடக்குமா? மில்லில் சூட்டை டிகிரி டிகிரியாகப் பார்த்து வேலை செய்தவன் நான், இரண்டாவது தடவை சரியாக இறக்கினேன். அப்புறம் இரண்டாவது டீக்கு ஆசைப்பட்டு பூண்டுக் குழம்பு, மூன்றாவது டீக்கு மிளகு ரசம், பருப்புத் துவையல். வீட்டில் நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்று உன் அம்மா சொல்வது உலகத்துக்கே தெரியும். டீக்காக மனுஷன் எதையும் கற்றுக்கொள்வான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய்க் குளியல் நேரம் போக மீதி நேரம் முழுக்க அடுப்படியிலேயே கிடந்தேன், மதாம் என்னைச் சமையல்காரன் என்று நினைத்துக்கொண்டு, கஞ்சி ரொம்ப நன்றாக இருக்கிறது முசே என்று கைகுலுக்கினாள். இருக்கட்டும் என்று நானும் மெர்சி சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். அங்கே டாக்டர் பாரதி என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், தங்கமான குணம். தினம் காலையில் வந்து அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஒருத்தர் நமக்காகக் குனிந்து கால் பிடித்துவிட்டால் அப்புறம் அவரிடம் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. நாம் சொன்னால் அந்தப் பெண் மனசு நோகுமாம். அதோடு டாக்டர் சரி என்று சொன்னால்தானே உன்னிடம் வர முடியும், அந்தக் கணக்கும் உள்ளே ஓடியிருக்கிறது. அதனால் முதல் நாள் "கொஞ்சம் தேவலாம்மா" என்றாள், இரண்டாம் நாள் "பாதி போயிடுச்சு", நாலாம் நாள் "வலியா, எங்க வலி?" அந்தப் பெண்ணும் நம்பி, நோட்டில் எழுதி, மூலிகைக் கிழி ஒத்தடத்தைக்கூடக் குறைத்துவிட்டது. நானாவது கவனித்திருக்க வேண்டும். நான்தான் டீயே கதி என்று கிடந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள், மாடிப்படி ஏறிக் காட்டுங்கள் என்றாள் டாக்டர். அரண்மனையின் நடுக்கூடத்தில் தேக்குப் படிக்கட்டு, முப்பத்தாறு படி, நாலு பேர் பக்கம் பக்கமாக ஏறலாம். உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பத்து படி வரை சிரித்துக்கொண்டே போனாள். இருபதில் சிரிப்பு நின்றது. முப்பதில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள், நான் ஓடினேன், "தொடாதீங்க, நானே போறேன்" என்று பல்லைக் கடித்தாள். ஏறிவிட்டாள். மேலே நின்று எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா, அவ்ளோதான்" என்று கையை விரித்தாள். டாக்டர் கைதட்டினாள். சரி, இறங்கி வாங்கம்மா என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டது. இறங்க ஒரு காலை எடுத்து வைத்தாள், முட்டி வளையவில்லை, அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு வரலாம் என்றால், கண்டவன் தொடக் கூடாது என்கிறாள். அப்போது சக்கரபாணிக்கு ஒரு யோசனை. மேல் கூடத்தில் அந்தக் காலத்துத் துபாஷ் உட்கார்ந்து போன நாற்காலிப் பல்லக்கு ஒன்று, இரண்டு பக்கமும் கழி போட்டு, தொடாதீர்கள் என்று பலகையோடு வைத்திருந்தார்கள். பலகையைக் கழற்றிவிட்டு அதில் உன் அம்மாவை உட்காரவைத்தோம். முன்னால் நானும் சக்கரபாணியும், பின்னால் தோட்டக்காரர்கள் இரண்டு பேர். உன் அம்மா ஒரு கையால் நாற்காலியையும் ஒரு கையால் என் தலைமுடியையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, ஐயோ இவர நம்பி ஏறினேனே" என்று கத்த, கீழே வெள்ளைக்காரர்கள் எல்லாம் இதுவும் வைத்தியத்தில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கைதட்டிப் படம் எடுத்தார்கள். அந்த மதாம், நாளைக்குத் தனக்கும் இது உண்டா என்று ஆபீசில் கேட்டாளாம். நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். கடைசிப் படியில் திரும்பிப் பார்த்தபோதுதான் உன் அம்மா அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். எண்ணெயும் ஒத்தடமும் வலியைக் குறைக்கும், தேய்ந்த எலும்பை வளர்க்காது. ஆபரேஷன் டாக்டரைப் பாருங்கள், அதுவரை மாடிப்படி கூடவே கூடாது, அதுவும் அந்தக் குளிரில் நாலு மாடி நினைக்கவே வேண்டாம் என்றாள். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஊர்ல எல்லாரும் தலப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வருவாளுங்க. எம் பொண்ணால வர முடியல. நானும் போவலன்னா அதுக்கு யாரு இருக்கா" என்று விசும்பினாள். சமையல்கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். ராஜாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், அண்ணன் போவட்டுமே. நாலு நாளா எங்கிட்ட கத்துக்கிச்சில்ல?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தால் புளி எவ்வளவு என்று கேட்டாள். பழம்புளி, கோலி அளவு, அதுவும் பத்து நாள் போன பிறகு என்றேன். லேகியம் எப்போது? காலையில் வெறும் வயிற்றில், கொட்டைப்பாக்கு அளவு. குழந்தையைக் குளிப்பாட்ட எப்படி உட்காருவீங்க? மனையில் உட்கார்ந்து, காலை நீட்டி, காலிலேயே போட்டுக்கொண்டு என்றேன், உன் மூக்கை உன் அம்மா நீவிவிட்டதைப் பார்த்திருக்கிறேனே. "காலு நீட்டுங்க பாப்போம்" என்றாள். நீட்டினேன். என் முட்டிகளை அவளே தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. நீங்க போங்க" என்றாள்.

ஆகவே மகளே, அம்மா வரவில்லை, நான் வருகிறேன். அப்பன் வந்து பிரசவம் பார்த்த கதை எங்காவது உண்டா என்று உன் அத்தைகள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். அம்மாவை அண்ணனும் அண்ணியும் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். விசாவுக்கு நீ எங்கள் இருவர் பேருக்கும் எழுதிக்கொடுத்தபோது எனக்கு எதற்கு தண்டம் என்று கத்தினேன், அந்தக் கத்தலை மறந்துவிடு. மூன்று நாளாக உன் அம்மா தலையணைக்குத் துண்டு சுற்றி என் காலில் போட்டுப் பழக்குகிறாள், இரண்டு தடவை நழுவவிட்டேன், அந்தப் பேச்சை எழுத முடியாது. இன்று காலை நழுவவில்லை. உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லிவிடு, உன் அறைக்குள் வரமாட்டேன், சோறும் லேகியமும் கதவண்டை வைத்துவிட்டுப் போவேன். அம்மா வரவில்லையே என்று அவளிடம் போனில் அழாதே, அவள் தாங்க மாட்டாள். அழ வேண்டுமென்றால் என்னிடம் அழு.

இரும்பு மாத்திரையை விடாதே, மாடிக்குத் தண்ணீர் பாட்டிலை மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், நீ தூக்காதே. இரண்டு உயிரும் வேறு வேறாகி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வில்லியனூர்க் கோயிலில் அம்மா விளக்குப் போட்டிருக்கிறாள், என் ஆசீர்வாதமும் அதோடு சேர்த்து. நீ பிறந்தபோது எங்கே கை தவறிக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து, டபுள் ஷிஃப்ட் என்று பொய் சொல்லிவிட்டு மூன்று நாள் உன்னைத் தூக்காமலே இருந்தேன். இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உன் பிள்ளையை முதல் நாளே தூக்குவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
இரா. ராஜாங்கம்