ஆறு மணி அழைப்பு

நாள் 212 – 06:00
நிலவின் தென்துருவப் பனிச்சுரங்கம். ஆள்: நான் மட்டும். அருளப்பன், இயந்திரப் பராமரிப்பு. காற்று சீர். தளத்திலிருந்து தலைவி ஜெயசீலியின் தினசரி அழைப்பு:
"எலே அருளு, உசுரோட இருக்கியா?"
இருக்கிறேன் என்றேன்.
"கொட்டாவி விடாம சொல்லுல."
பதில் வராவிட்டால் ஒன்பது மணி நேரத்தில் மீட்பு வண்டி வாசலில் நிற்கும். நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?

நாள் 219 – 14:20
தளத்தில் வாக்கெடுப்பு. ஜெயசீலி நீக்கம். இனி எல்லாமே பொதுக்கூட்ட முடிவு. அந்த அம்மா யாரையும் கேட்காமல் விடுப்பை ரத்து செய்வார், ஆளை மாற்றுவார். போகட்டும். ஆறு மணி அழைப்பை ஒழிக்கும் தீர்மானத்தை எழுதியவன் நான்தான். புதுச் செயலாளர் இன்பராஜ், என் பழைய அறைத்தோழன், கத்தினான்:
"மச்சான், ஜெயிச்சிட்டோம்டா! இனிமே உன்னை ஒரு பய எழுப்ப மாட்டான்!"

நாள் 220 – 08:10
எட்டு வரை தூங்கினேன். சுகம்.

நாள் 231, திங்கள் – 10:05
கரியமில வாயு வடிகட்டி வெடித்துவிட்டது. மாற்று வடிகட்டி தளத்தில்தான் இருக்கிறது. என்னிடம் வண்டி இல்லை. உள்ளே காற்று தாங்குவது: ஐம்பது மணி நேரம். தளத்துக்குச் சொன்னேன். பதில், இயந்திரக் குரலில்:
"வணக்கம். உங்கள் கோரிக்கை எண் 41. வியாழன் பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்."

16:40
இன்னும் ஏழு முறை அனுப்பினேன். எண் 48 வரை வந்துவிட்டது. ரேடியோ மேசையில் ஆளே இல்லை. அழைப்பே இல்லாதபோது மேசைக்கு ஆள் எதற்கு? என் தீர்மானத்தின் இரண்டாம் பத்தி. எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நாள் 232 – 06:00
தானாக விழிப்பு வந்தது. ரேடியோ முன் உட்கார்ந்தேன். வெறும் இரைச்சல்.
"உசுரோட இருக்கேன்" என்றேன்.
எண் 49.

நாள் 233, புதன் – 07:15
தலை பிளக்கிறது. மூச்சு இரைக்கிறது. இதை எடுத்துப் படிப்பவருக்கு: அந்த அம்மாவைத் திரும்ப உட்கார வையுங்கள் என்று சொல்லவில்லை. வாக்கெடுப்பு நடத்துங்கள், கூட்டம் போடுங்கள். அந்த மேசையில் மட்டும் யாராவது ஒரு ஆள். அதட்டினாலும் பரவாயில்லை. ஒரு ஆள்.

11:30
ரேடியோ விளக்கு எரிந்தது! தடுமாறிப் போய் எடுத்தேன்.
"வணக்கம். ஒரே நபரிடமிருந்து வந்ததால் கோரிக்கைகள் 41 முதல் 49 வரை ஒன்றாக இணைக்கப்பட்டன. நன்றி."

11:5
தூக்கம் வருகிறது. கொஞ்ச நேரம்தான். யாராவது ஆறு மணிக்கு எழுப்