தாராபுரத்திலிருந்து வருகிற ஏழு பேர்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. வெட்டிய துணியை வெளியே வைத்தால் பக்கத்து மாடிக்குப் போய்விடுகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை.

பார்க்க வேண்டியவை: ஓவர்லாக் ஊசி. மோட்டார் பெல்ட். அவருக்குச் சளி மாத்திரை. பேட்லாக் டைலர் (பனியன் ஓரம் மடித்துத் தைக்கிற மெஷினுக்கு; சித்திரையிலிருந்து தேடுகிறேன், ஆள் கிடைத்தபாடில்லை, மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது).

ஓனர்கள் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கலெக்டர் ஆபீஸ், சங்கம், காலேஜ், பஸ் டிப்போ, நாலும் ஒன்று சேர்ந்து ஏதோ செய்கிறார்களாம். எங்கள் மண்ணரையில் ஒவ்வொரு பனியன் யூனிட்டாக ஏறி இறங்கி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எதில் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வந்து சேர்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். எந்தத் திசையில் ஆள் அதிகமோ அந்தத் திசைக்குத் தொழிலாளர் பஸ் ஒன்று. ஹாஸ்டல், பிள்ளைகள் காப்பகம் எல்லாம் பிறகு, இதே விவரத்தை வைத்து.

அவருக்கு ஒரே சந்தோஷம். யார் எதைக் கேட்டு வந்தாலும் நாற்காலி போட்டு டீ சொல்கிற மனிதர் என் வீட்டுக்காரர்.

எனக்கு நம்பிக்கை இல்லை. எரியாத தெருவிளக்கை மாற்ற ஒரு வருடம் எடுத்தவர்கள் பஸ் விடப் போகிறார்களாம். பஸ் ஒரு சாக்கு. யாருக்கோ ஊர் பெயர்கள் வேண்டும்.

இந்தத் தொழிலில் ஆட்களின் ஊரைச் சொன்னால் ஆள் போனது போல. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் வாய் தவறிச் சொன்னேன், என் செக்கிங் பெண்கள் இன்ன ஊர் என்று. பக்கத்து இலையில் சி.சா.வின் மனைவி. அடுத்த திங்கட்கிழமை அவர்கள் ஊர் வேப்பமரத்தடியில் வெள்ளை வேன். நாலு பேர் போனார்கள். சி.சா. என்றால் அடுத்த தெரு சின்னச்சாமி அண்ணன். நாற்பது மெஷின், ஒரு வேன், எப்போதும் கூப்பிய கை. முழுப் பெயரை எழுத வேண்டாம், சி.சா. போதும்.

இப்போது என் தையல் டேபிளில் இருக்கும் பதினாறு பேரில் ஏழு பெண்கள் ஒரே ஊர். ஊத்துக்குளி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே. பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். நோட்டை நூல் டப்பாவில் வைக்கிறேன், ஆனாலும் அவர் படிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம். 'அந்த ஊர்' என்றால் எனக்குத் தெரியும், போதும்.

அந்த ஏழு பேர் நின்றால் டேபிள் நின்றது. அதுதான் பயம். மெயின் ரோட்டுக்கு அரை மணி நேரம் நடக்கிறார்கள், வருகிற பஸ் நிரம்பி வழிந்து நிற்காமல் போகிறது. இன்றைக்கு ஓவர்லாக் கவிதா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்: "ஆடி முடியற வரைக்கும் பாக்கறமுங்க்கா. பொழுது உளுந்து நடந்து போறப்ப நாய்க தொரத்துதுங்க. ஆவணில இருந்து எங்களால ஆகாது."

அவள்தான் அந்த ஏழு பேருக்கும் தலை. அவள் நின்றால் எல்லாரும் நிற்பார்கள்.

ஜூன் 18, புதன்

வந்துவிட்டாள். காலேஜ் பெண், பெயர் நித்யா, கையில் டேப்லெட். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. அவர் நாற்காலி போட்டார், டீ சொன்னார். சொன்னேனே.

இது யார் கண்ணில் எல்லாம் படும் என்று கேட்டேன். ஓனர் பெயர் வராது, ஊர் வாரியாகக் கூட்டிய எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்றாள். அடி பாவி, எனக்கு வேண்டாதது அதுதானே! என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், போட்டோகூட எடுத்துக்கொள்ளட்டும். ஊர்தான் கூடாது.

அதோடு, சி.சா.வின் மகளும் அதே காலேஜ். கேட்டேன். "வேற டிபார்ட்மென்ட்டுங்க்கா" என்றாள். வேறு டிபார்ட்மென்ட் என்றால் கேன்டீனும் வேறா?

ஏழு பேர் என்றேன். ஊர்? வாயில் வந்ததைச் சொன்னேன்: தாராபுரம். அவ்வளவு தூரத்துக்கு எந்த வேன்காரனும் போக மாட்டான், டீசலுக்கே கட்டாது. போனால் போய் அமராவதி ஆற்றைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தினமும் அங்கிருந்தா வருகிறார்கள் என்று கேட்டாள். "ஆமா கண்ணு, நல்ல புள்ளைக, விடியறதுக்குள்ள கெளம்பிருவாங்க" என்றேன். நாக்கு கூசவில்லை.

அவள் போனதும் கவிதா மெஷினை நிறுத்தினாள். "ஏனுங்க்கா, நாங்க எப்பங்க தாராபுரம் போனோம்?"

அது ஒரு கணக்கு, உனக்குத் தெரியாது என்றேன். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 21, சனி

சம்பள நாள். தலைவலி. ஊசி வந்தது, பெல்ட் வரவில்லை.

ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் வெள்ளை வேன் நின்றதாகப் பால்காரர் சொன்னார். எந்த வேன் என்று கேட்டேன். வெள்ளை வேன் என்றார். ஊரில் எல்லா வேனும் வெள்ளைதான். ஆனாலும்.

சந்தேகம் 1: நித்யா நேராக சி.சா. தெருவுக்குத்தான் போனாள், வாசலில் நின்று பார்த்தேன்.
சந்தேகம் 2: சி.சா. வழியில் பார்த்து, "ஆளுக எல்லாம் சவுரியமுங்களா?" என்றார். எதற்கு என் ஆட்களின் சவுகரியம்?
சந்தேகம் 3: கவிதா மத்தியானம் சோறு தின்னும்போது போனில் மெதுவாகப் பேசினாள். நான் போனதும் வைத்துவிட்டாள்.

அவரிடம் சொன்னேன். "ஏம்புள்ளே, உனக்கு நெழலப் பாத்தாலும் நெட்டையா தெரியுது" என்றார். வெண்ணெய் வாங்கி உருக்கி வைத்தேன். கறிவேப்பிலை போட மறந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

இப்படியும் நடக்குமா.

பஸ் வருகிறது. நிஜமாகவே வருகிறது. சங்கத்தில் தாள் ஒட்டியிருக்கிறார்கள், கலர் மேப் போட்டு. ஊருக்கு ஒரு வட்டம், ஆள் அதிகமானால் வட்டம் பெரிது. எல்லாவற்றிலும் பெரிய வட்டம், ஆரஞ்சு கலரில், தட்டத்தில் வைத்த ஜிலேபி போல: தாராபுரம்.

என் ஏழு பேரால் அவ்வளவு பெரிய வட்டம் வராது. மண்ணரையில் பாதிப் பேர் தாராபுரம் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே புத்தி! தூரத்து ஊரைச் சொல், வேன் போகாது. ஊத்துக்குளிப் பக்கம் கடுகு அளவு ஒரு புள்ளி. யாரோ ஒரு அப்பாவி உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

மேப் முன்னால் ஏழெட்டு ஓனர்கள் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சி.சா. மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கள் முதல் காலை எட்டேகாலுக்கு மண்ணரையில் வந்து நிற்குமாம்.

கவிதாவிடம் நான் சொல்வதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. கோபப்பட்டால்கூட நன்றாக இருந்திருக்கும். "தாராபுரத்துக்காரங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டு நூல் கோர்த்தாள்.

என் வாயை நானே தைத்துக்கொள்ள வேண்டும். பஸ் அந்த ஊர்ப் பக்கம் வந்திருக்க வேண்டியது.

ஜூலை 21, திங்கள்

எட்டு மணிக்குக் கீரை வாங்குகிற சாக்கில் ஸ்டாப்புக்குப் போனேன். கீரைக்காரி இந்தப் பக்கம் வருவதே இல்லை, அது வேறு விஷயம்.

பார்த்தால் முக்கால்வாசி ஓனர்கள் அங்கே. ஒருவர் கையில் பேப்பர், தலைகீழாக. ஒருவர் பால் தூக்கு. இன்னொருவர் வண்டியைச் சாய்த்துப் போட்டு டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சி.சா. டீக்கடை பெஞ்சில். யாருடைய ஆள் இறங்குகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும்.

பஸ் வந்தது. புது பெயின்ட், முன்னால் மாலை. ஓட்டுநர் இறங்கினார், நடத்துநர் இறங்கினார். கடைசியாக ஒரு பெரியவர், இரண்டு நாட்டுக்கோழியோடு. மகள் வீட்டுக்கு வந்தாராம். அவ்வளவுதான்.

"உங்காளுக யாரையும் காணமுங்க" என்றார் சி.சா.

"இன்னிக்கு லீவுங்க" என்றேன்.

"எங்காளுகளும் லீவுதானுங்க" என்றார்.

அப்போதுதான் பிடிபட்டது, அவரும் தாராபுரம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று. சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

கீரை இல்லாமல் திரும்பினேன். கவிதா கூட்டம் ஒன்பது பத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. நடந்த கால்கள், முழங்கால் வரைக்கும் புழுதி.

ஜூலை 24, வியாழன்

நித்யா வந்தாள், டேப்லெட் இல்லாமல். டீ வேண்டாம் என்றாள். மூன்று நாளாகப் பஸ் காலி. யூனிட்டுக்கே போகாமல் எங்கேயோ உட்கார்ந்து எண்களை நிரப்பிவிட்டாள் என்று அவள் காலேஜ் சாரே நினைக்கிறாராம். சனிக்கிழமை சங்கத்தில் கூட்டம். விவரம் பொய் என்றால் பஸ்ஸை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள், காப்பகமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நீங்க சொன்னதத்தானுங்க்கா எழுதினேன்" என்றாள். கண் கலங்கியது. குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லை.

அவள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தவள். சந்தேகம் 1 என்று எழுதி வைத்தவள். வெட்கமாக இருக்கிறது.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "சந்தேகம் எழுதுனது போதும், நீ எந்திரிச்சு சொல்லிப்போடு. இல்லாட்டி நான் சொல்லிப்போடுவேன்." முப்பது வருடத்தில் அவர் இப்படிப் பேசியதில்லை. அப்படியானால் நோட்டைப் படிக்கிறார்.

ஜூலை 26, சனி

எழுந்து சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் அந்த சார் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் யூனிட்டுக்கு வந்தாள், எழுதினாள், பொய் சொன்னவள் நான்தான் என்றேன். "எங்காளுக ஏழு பேருங்க. தாராபுரம் இல்லீங்க. நொச்சிக்காட்டுப்புதூர்."

எழுதிவிட்டேன், இங்கேயும். நொச்சிக்காட்டுப்புதூர்.

சி.சா. பக்கத்து வரிசையிலிருந்து திரும்பினார். "அந்த ஊருங்களா? எங்க வேன் மூணு வருசமா அது வழியாத்தானுங்க போகுது. உங்க கவிதாவத் தெனமும் கூப்புடறோம். ஏற மாட்டேங்குது."

மூணு வருடம். நான் பூட்டி வைத்தது வெறும் பெட்டி.

பிறகு அவரே எழுந்து தம்முடைய தாராபுரத்தையும் ஒப்புக்கொண்டார். பின்னால் ஒருவர், அதன் பின்னால் ஒருவர். நித்யா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். மத்தியானத்துக்குள் ஆரஞ்சு ஜிலேபி ஊத்துக்குளி ரோட்டுக்கு நகர்ந்துவிட்டது.

ஆனால் புது வழிக்குப் பஸ் தீபாவளி கழித்துத்தான். ஆவணி பிறக்க மூன்று வாரம். நித்யா விடவில்லை. அந்த ரோட்டில் யார் யார் வேன் ஓடுகிறது, எத்தனை சீட் காலி என்று கேட்டாள். என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்: சின்னச்சாமி அண்ணன் வேனில் ஒன்பது சீட் காலி, எண்ணிப் பார்த்திருக்கிறேன் என்று. இந்த மனிதர் எப்போது எண்ணினார்?

சபையில் சி.சா.வால் மறுக்க முடியவில்லை. என் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுங்க. உங்காளுக எங்காளுக மனசக் கலைச்சுப்போடக்கூடாது." பயந்த முகம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறதா? ஓநாய் யார் என்றே இப்போது குழப்பம்.

சாயங்காலம் கவிதாவிடம் கேட்டேன், ஏன் அந்த வேனில் ஏறவில்லை என்று. என்மேல் உள்ள பாசம் என்பாள் என்று எதிர்பார்த்தேன், பொய் எதற்கு. "அங்க பாத்ரூம் போறதுக்கு டோக்கன் வாங்கோணுமாமுங்க. ஒரு ஷிப்டுக்கு ரெண்டு. அதானுங்க" என்றாள்.

கூப்பிட்டதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா எங்களையும் சந்தேகப்படுவீங்க. அதுக்குத்தானுங்க்கா சொல்லல."

ஜூலை 28, திங்கள்

மோடம், வெயிலே இல்லை. காற்று குறைவு. ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதே என்பார்கள், ஆரம்பித்தாயிற்று.

எட்டு இருபதுக்கு வெள்ளை வேன் என் வாசலில். வாழ்நாளில் நினைக்காதது. ஷட்டர் பக்கத்தில் நின்று எண்ணினேன். முதலில் கவிதா, கால் புழுதி இல்லாமல். பிறகு ஆறு பேர். ஏழு. அப்பாடா என்று திரும்பினால் எட்டாவதாக ஒருத்தி இறங்கி நிற்கிறாள். சி.சா.வின் ஆள்.

"அக்கா, இங்க டோக்கன் இல்லீங்களாமே. நான் பேட்லாக் ஓட்டுவேனுங்க."

பேட்லாக்! சித்திரையிலிருந்து வேண்டாத சாமி இல்லை. தானாக வந்து வாசலில் நிற்கிறாள். கவிதா என் முகத்தையே பார்க்கிறாள். வேன் டிரைவரும்.

"வேன்ல ஏறிக்க கண்ணு. உங்க ஓனர்கிட்டச் சொல்லி அந்த டோக்கன நிறுத்தச் சொல்லு" என்றேன். ஏறிப் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஒன்பது மணிக்கு சி.சா. போன். டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். எட்டாவது ஆள் ஒன்று அங்கே இறங்கியதாமே என்று கேட்டார். இறங்கினாள், திருப்பி ஏற்றி அனுப்பிவிட்டேன் என்றேன். "நம்பறேனுங்க" என்றார்.

நம்பவில்லை. பத்து மணிக்கு அவருடைய கணக்குப்பிள்ளை குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். சொம்பை வாங்கினார், குடிக்கவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி எட்டி உள்ளே பார்த்தார், பேட்லாக் மெஷின் இருக்கும் பக்கமாக.