இறக்கைக்குள் இருந்து இரண்டு தட்டு

இன்று காலை பெருமாளைச் சேவிக்கப் போனேன். கோபுர வாசலில் பையைச் சோதிக்கிற போலீஸ்காரப் பெண் என் கைப்பைக்குள் கையை விட்டு, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் இரும்புக் கட்டியை வெளியே எடுத்தாள். "என்னம்மா இது? கோயிலுக்கு இதையெல்லாமா எடுத்துட்டு வருவாங்க?" என்றாள். "ஏரோப்ளேன் செய்யற சாமான்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. "சரி, இங்கயே வெச்சிட்டுப் போங்க, திரும்பி வரப்ப வாங்கிக்குங்க" என்றாள் அவள், பாவம், மரியாதையாகத்தான். எனக்கு மனசு வரவில்லை. கட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் ரிட்டயரானதும் கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் என் அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கு நாம் வந்தபோது, பின்பக்கம் ஒரு ஷெட் போட வேண்டும் என்றீர்கள். கார் வாங்கப் போகிறீர்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் கொண்டுவந்து விரித்தது ஏரோப்ளேன் படம். "ரெண்டு பேர் உட்காரலாம், உனக்குத்தான் ஜன்னல் பக்கம்" என்றீர்கள், ஏதோ பஸ்ஸில் இடம் பிடித்துத் தருகிற மாதிரி. ஃபாக்டரியில் அத்தனை வருஷம் இரும்போடு மாரடித்தது போதாதா என்று கேட்டேன். காதில் விழுந்தால்தானே.

அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை மட்டும் முதலில் சொல்லவில்லை, சாமர்த்தியசாலி! அலுமினியத் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்க, வெளியே ஒருவர் காற்றில் ஓடுகிற கன்னை வைத்து அடிக்க வேண்டும். இன்னொருவர் இறக்கைக்குள் கையை விட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட்டின் வாலுக்குப் பின்னால் இந்தக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே நீங்கள். உள்ளே கை நுழைவது எனக்குத்தான், வளையலைக் கழற்றிவிட்டு. வால் நசுங்கிப் பொத்தான் மாதிரி உட்கார்ந்ததா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்ரசர் போடுகிற கூச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் தகட்டில் தட்டிச் சொல்வேன். ஒரு தட்டு என்றால், இன்னும் அடிங்க. இரண்டு தட்டு என்றால், போதும், அடுத்ததுக்குப் போங்க. கடைசியில் அது சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் எனக்கு மோர் ஊற்றும்போது டம்ளரில் இரண்டு தட்டுவேன், நிறுத்திவிடுவீர்கள். தட்டுவது எப்போதும் என் வேலை.

ஆனால் உங்களுக்கு அடிக்கடி மனசு விட்டுப்போகும். ஒரு தகட்டைத் தப்பாக வெட்டிவிட்டால் போதும், இல்லை எதிர்வீட்டுக்காரர் "என்ன சார், எப்ப டேக் ஆஃப்?" என்று பல்லைக் காட்டிவிட்டால் போதும், ஷெட்டைப் பூட்டிவிட்டு டி.வி. முன்னால் படுத்துவிடுவீர்கள். அப்பாடா, ஒழிந்தது என்று நான் இருந்திருக்கலாம். எனக்கென்ன, பறக்க ஆசையா? ஆனால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. செய்தி வாசிப்பவர் சிரித்தால்கூட முறைத்துக்கொண்டு கிடப்பீர்கள். அதனால்தான் சட்டம் போட்டேன். "ஏங்க, நீங்க ஏரோப்ளேனெல்லாம் கட்ட வேணாம். ஒரே ஒரு ரிவெட் அடிச்சிட்டு வாங்க. அடிச்சாத்தான் காபி." "இது என்னடி அராஜகம்" என்று முனகிக்கொண்டே சாவியை எடுப்பீர்கள். ஒன்று அடித்த கை நிற்குமா? நான் இரண்டு தட்டத் தட்ட நீங்கள் அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருப்பீர்கள், அடுப்பில் பால் பொங்கி வழியும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் லீவு. கன், டிரில், இந்தக் கட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கிவிட்டால் மறுநாள் வரை தொடக் கூடாது. அன்றைக்குப் பார்த்துத்தான் உங்களுக்குக் கை நமநமவென்று இருக்கும். "தொட்டுப் பார்க்கவாவது விடேன்" என்று என் பின்னாலேயே சுற்றுவீர்கள்.

கடைசியில் உங்களைச் சேர்த்த புத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். பேச முடியாது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் விரல் நகர்ந்து கம்பியில் தட்டியது, இரண்டு தடவை. முதல் முறையாக நீங்கள் தட்டினீர்கள். நான் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினேன். நீங்கள் மறுபடியும் இரண்டு. நான் மறுபடியும் ஒன்று. "பேஷன்ட்ட தொந்தரவு பண்ணாதீங்கம்மா" என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள். திரும்ப உள்ளே விட்டபோது தட்டினேன். உங்கள் விரல் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஷெட்டுக்குப் போவேன், நிற்பேன், வருவேன். கன்னை ஒரு கையிலும் கட்டியை ஒரு கையிலும் பிடித்துப் பார்த்தேன். இறக்கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்க எனக்கென்ன அனுமார் கையா? அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். படுத்துக் கிடந்த உங்களை எழுப்ப நான் இருந்தேன். என்னை எழுப்ப யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

நம் பெண் வித்யாதான் சென்னையிலிருந்து வந்து ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரு காலேஜில் ஏரோப்ளேனைக் கேட்கிறார்களாம், வாசலில் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். "இங்க இருந்தா தூசிதாம்மா அடையும். அங்க நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை, தலையாட்டினேன். ஒன்று மட்டும் சொன்னேன்: வலது இறக்கையில் கடைசி வரிசை பாக்கி இருக்கிறது, அதை மூடித்தான் அனுப்புவேன், அப்பாவை அரைகுறையாக அனுப்ப மாட்டேன். அப்பாவை என்றுதான் வாயில் வந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மறுநாள் விஜயதசமி, நல்ல நாள். அதற்கடுத்த நாள் லாரி. வித்யாவுக்குத் தட்டுகிற பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கன்னை எடுத்தாள், நான் கையை உள்ளே விட்டேன். அடித்தாள். உங்கள் பெண்ணாயிற்றே! வால் அழகாக நசுங்கி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இரண்டு தட்ட வேண்டியதுதான்.

ஒன்று தட்டினேன்.

அவள் அடித்தாள். மறுபடியும் ஒன்று தட்டினேன். அடித்தாள். "இன்னுமாம்மா?" என்று கத்தினாள். ஒன்று. வால் வடையாகத் தட்டையாகி ஓரத்தில் விரிந்தது, சுற்றியிருந்த தகடு குழிந்தது, என் விரலுக்குத் தெரிகிறது, ஆனாலும் ஒன்றுதான் தட்டினேன். கன்னைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "அம்மா, இது எப்பவோ உட்கார்ந்துடுச்சும்மா. ஏம்மா சொல்லல?" கட்டில் கம்பியில் நீங்கள் தட்டியதை அவளுக்கு நான் சொல்லவே இல்லை. "வலிக்குதுடி கை" என்றேன். அவள் என் கையைத் துடைத்துவிட்டாள். மிச்ச ஓட்டைகளை டேப் ஒட்டி மூடினோம்.

மறுநாள் இறக்கை தனியாக, உடல் தனியாகக் கயிற்றால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். காவிரிப் பாலம் வரை ஆட்டோவில் பின்னாலேயே போனேன். அங்கே சிக்னல் விழுந்து லாரி முன்னால் போய்விட்டது. "பின்னாடியே போகணுமாம்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பெட்டியில் எல்லாச் சாமான்களும் போயின, இந்தக் கட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. கடைக்கு, பாங்குக்கு, இன்றைக்குக் கோயிலுக்கு, எங்கே போனாலும் பையில் கிடக்கிறது. தோள் வலிக்கிறது, இருக்கட்டும். காலையில் எழுந்ததும் காலி ஷெட்டுக்குப் போய், இந்தக் கட்டியால் சுவரில் தட்டிவிட்டு வந்துதான் காபி குடிக்கிறேன். நான் போட்ட சட்டமாயிற்றே, நானே மீறலாமா? ஒரு தட்டுதாங்க. இரண்டாவது தட்ட எனக்குக் கை வரவில்லை.